கோஷா வண்டி

காரைக்காலில் நம் வயதுக்காரர்கள் இனி விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். அதில் பாதிப்பேருக்கு ஞாபகம் கிடையாது, மீதிப்பேருக்குக் காது கிடையாது. நான் சொல்வதை மறுத்துப் பேச ஆளில்லை என்கிற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் உங்களில் ஒன்றிரண்டு பேருக்காவது அந்த வண்டி கண்ணுக்குள் வரும். சாம்பல் நிறம். முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடம், பின்னால் பலகை அடித்த தொட்டி, அதன்மேல் வளைவுக் கம்பி, கம்பிக்கு மேலே தார்ப்பாய். விளக்குகள் மற்ற வண்டிகளுக்கு இருப்பதுபோல் இரண்டு ஓரத்திலும் பிதுங்கிக்கொண்டு இருக்காது. முன்பக்கத்துக் கம்பி வலைக்கு உள்ளே ஒன்றோடொன்று ஒட்டி ஒளிந்திருக்கும். துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு பார்க்கிற பெண்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், தெருவே அதைக் கோஷா வண்டி என்றது.

அது எங்கள் வாப்பாவின் பிக்கப். பிரெஞ்சுக் கம்பெனி வண்டி. கம்பெனியின் பேர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மனத்தாங்கல் எல்லாம் என் மேல்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வாப்பாவும் அப்படி வந்தவர். வரும்போது அவரிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி மட்டும்தான். வண்டியும் ஒரு புத்தகமும் பிறகுதான் வந்தன. மனைவி வீட்டில் வாழ வந்த மனிதருக்குக் கையில் ஒரு தொழில் இருக்கிறவரைதான் சோறு சோறாக இறங்கும். தொழில் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் தொண்டையில் நிற்கும். வாப்பா அதற்குப் பயந்தார். வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

புத்தகத்தைச் சொல்கிறேன். இளவயதில் வாப்பா புதுச்சேரியில் அந்தக் கம்பெனி வண்டிகளை விற்ற டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். சண்டை முடிந்து வண்டி வாங்கப் போனபோது பழைய பழக்கத்துக்காக அங்கே கொடுத்தார்கள். வழவழப்பான தாள், பிரெஞ்சு எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம். கம்பெனி ஆதியிலிருந்து செய்த பிக்கப்புகள் எல்லாம் வயது வரிசைப்படி அதில் இருந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு வாப்பா அதைப் பிரிப்பார். நானும் லாத்தாவும் இரண்டு பக்கமும் உட்காருவோம். லாத்தா என்றால் என் அக்கா, என்னைவிட ஏழு வயது மூத்தவள். வாப்பா அந்தப் புத்தகத்தை வாசிக்கமாட்டார். உறவுமுறை சொல்லுவார்.

"இதான் புள்ள, பாட்டன். இது பிக்கப்பே இல்ல, காரு. அந்த ஊருக் குடியானவன் ஒருத்தன் கோசு மூட்டை ஏத்த வண்டி இல்லாம, நல்ல காரை ரம்பத்தால அறுத்து, பின்பாதியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் பலகை அடிச்சுட்டான். கம்பெனிக்காரன் பாத்தான். நம்ம வேலையக் குடியானவன் செய்யிறானேன்னு வெக்கமாப் போச்சு. பின்பாதி இல்லாமயே வண்டி செஞ்சு விக்க ஆரம்பிச்சுட்டான்."

அடுத்த பக்கத்தில் பாட்டனின் மகன். கம்பிச் சக்கரமும் ஓரத்தில் நீளமாக மிதிபலகையும் வைத்தவன். அதற்கடுத்து, சண்டைக்குப் போன சாச்சா, சித்தப்பன்காரன். பட்டாளக்காரர்களைச் சுமந்தவன், பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடியவன். அப்புறம் எங்கள் வண்டி. எங்கள் வண்டியின் பக்கம் வந்ததும் வாப்பா உம்மாவைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சியப் பாரு" என்பார். "என் தங்கச்சி இப்புடி தெருவுல போவாளா?" என்று உம்மா சமையற்கட்டிலிருந்தே சிரிப்பாள். கடைசிப் பக்கத்தில் புதிதாக வந்த இளையது இருந்தது. விளக்குகள் வலையை விட்டு வெளியே வந்துவிட்டன. மூக்கு உருண்டை. பார்க்கவே கொழுத்த பிள்ளை. வாப்பா அந்தப் பக்கத்தை மட்டும் விரலால் தொடமாட்டார், அழுக்காகிவிடும் என்று.

"அடுத்தது இதான். இன்ஷா அல்லாஹ்."

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ராஜாக்களின் வரிசையைக் கேட்டால் எனக்கு வராது. இந்த வரிசை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது உம்மா வண்டியில் ஏற ஆரம்பித்தாள். பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால் இருக்கும்.

எங்கள் தெருப் பெண்கள் அப்போது பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலே கொல்லைச் சந்து வழியாகத்தான் போவார்கள். அதுவும் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு. அப்படிப்பட்ட தெருவில் உம்மா விடிந்ததும் வாசல் வழியாக இறங்கி, கோஷா வண்டியின் முன் சீட்டில் வாப்பாவுக்கு வலது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வாப்பா குரும்பகரத்துக்குப் போவார், நெல் ஏற்ற. உம்மாவும் போவாள். பூவத்து எல்லை வரைக்கும் தவிட்டு மூட்டை கொண்டுபோவார். உம்மாவும் போவாள். பக்கத்து ஜன்னலுக்கு ஒரு பச்சைத் திரை தைத்து மாட்டியிருந்தார்கள். ஆனால் திரை எப்போதும் நாலு விரல் அளவுக்கு விலகியே இருக்கும். அந்த இடைவெளியில் உம்மாவின் கண் இருக்கும்.

மாமிக்கு அதுதான் பொறுக்கவில்லை. மாமி வாப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்காருவார்.

"திரை போட்டா முழுக்கப் போடணும், இல்லாட்டி விட்டுடணும். இது என்னா நாலு விரல் கோஷா?" என்று உம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார். "என் தம்பிக்குத் துணைக்கு ஆளு வேணும்னா கூலிக்கு ஒருத்தன் கெடைக்கமாட்டானா? வயசுக்கு வந்த பொண்ண வீட்டுல வச்சிக்கிட்டு ஆத்தாக்காரி ஊரு சுத்துனா, அந்தப் பொண்ண யாரு கேப்பா?"

உம்மா, "டீ ஆறிப்போவுது, குடிங்க" என்றாள். அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஒளிப்பானேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "உங்க உம்மா இன்னைக்கு எந்த ஊரு?" என்பார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் நான் சந்துக்குள் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் உம்மா திரை இடைவெளி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வண்டி அந்தத் தெரு வழியாக வருவது நின்றது.

அப்புறம்தான் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். போவதற்கு முந்தைய மாதங்களில் எல்லையில் கெடுபிடி. பூவத்தில் வண்டியை நிறுத்தி மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்தார்கள். பெட்ரோல் அரிதாகிவிட்டது. கொடி இறங்கியபின் பெட்ரோல் வந்தது, வண்டிக்குச் சாமான் வருவது நின்றது. டிப்போவுக்கு எழுதின கடிதங்களுக்குப் பதில் இல்லை. பிரேக்குக்கு வைக்கும் பட்டை தேய்ந்துபோய், வாப்பா செருப்புக் கடையில் கெட்டித்தோல் வாங்கி வெட்டி வைத்து ஓட்டினார். கோஷா வண்டிக்கு அதன் சாதி சனம் கடலுக்கு அந்தப் பக்கம், அது மட்டும் இந்தப் பக்கம்.

அதையெல்லாம் வாப்பா சமாளித்தார். சமாளிக்க முடியாத ஒன்று ஒரு காகிதமாக வந்தது. பிரெஞ்சு சர்க்கார் கொடுத்த லைசென்ஸை நாங்கள் பெர்மி என்போம். பெர்மி வைத்திருப்பவர்கள் எல்லாரும் புதிய இன்ஸ்பெக்டர் முன்னால் பாரத்தோடு வண்டியை ஓட்டிக்காட்டி, கண் பரிசோதனையும் கொடுத்து, புது லைசென்ஸ் வாங்கவேண்டும். அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியது லாத்தாதான். கண் என்ற சொல் வந்ததும் வாப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள், களைந்த தண்ணீரோடு அரிசியையும் சேர்த்துக் கொட்டினாள். நான் பார்த்து அவள் அரிசி கொட்டியது அந்த ஒரு நாள்தான்.

மூன்று நாள் கழித்து உம்மா என்னை வண்டித் தொட்டிக்குள் கூட்டிப்போனாள். கொல்லையில் நின்ற வண்டி. தார்ப்பாய்க்குள் வெந்நீர் அண்டா போலக் காந்தியது. வலது பக்கத் தார்ப்பாயில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து ஓரம் தைத்திருந்தாள். ஓட்டுகிற சீட்டுக்குப் பின்னால் இருந்த தகட்டில் ஓர் ஓட்டை. அதன் வழியாக மெல்லிய நூல்கயிறு ஒன்று முன்பக்கம் போயிற்று.

"இது எதுக்கும்மா?"

"வாப்பாவுக்குச் சோத்தாங்கை பக்கத்துக் கண்ணு தெரியாது" என்றாள் உம்மா. உப்பு இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். "வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. திரியக் கொறைச்ச மாதிரி கொஞ்சங்கொஞ்சமா அமந்து போச்சு. காட்டாத வைத்தியரு இல்ல. பாக்குறவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகிற மாட்டு வண்டியைத் தாண்ட வேண்டுமானால் வலப்பக்கமாக எட்டிப் பார்க்கவேண்டும். வாப்பாவின் வலப்பக்கம் முழுக்க இருட்டு. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை வருஷமாக உம்மா அவருக்குச் சாலையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். கூலிக்கு ஆள் வைத்தால் அவன் ஒரு வாரத்தில் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். சொன்னால் பெர்மி போகும். பெர்மி போனால் மாப்பிள்ளையாக வந்த மனிதர் இந்த வீட்டில் எந்த மூலையில் உட்காருவார்? அதற்காகத்தான் நாலு விரல் கோஷா. நான் சந்துக்குள் திரும்பி ஒளிந்தது அந்தக் கண்ணுக்கு.

"ஒரு தடவ இழுத்தா போலாம். ரெண்டு தடவ இழுத்தா நிக்கணும்" என்றாள். "முன் சீட்டுல அன்னைக்கி இன்ஸ்பெக்டரு உக்காருவாரு. நான் இங்க மூட்டைக்கு நடுவுல இருப்பேன். தனியா ஒரு பொம்பளை ஒளிஞ்சிருந்து மாட்டுனா கேவலம். புள்ளையோட இருந்தா ஏதோ ஊருக்குப் போறான்னு நெனைப்பாங்க. அதான் நீ." என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அல்லாவுக்காவ வெளியில சொல்லிப்புடாதே."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பரிசோதனை அன்று தொட்டி நிறையத் தவிட்டு மூட்டை. நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் விட்டு, அதில் நானும் உம்மாவும். வாப்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கயிறு சட்டைக்குள்ளே போய், தாயத்து கட்டுகிற இடத்தில், வலது புஜத்தில் முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தது தகட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குரல்.

"என்ன பாய், ஸ்டியரிங்கு எதிர்ப்பக்கம் இருக்கு?"

"அது பொறந்த ஊரு அப்புடிங்க, சார்."

வண்டி தருமபுரம் பக்கமாகப் போயிற்று. உம்மா துப்பட்டியை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, கிழிசலில் கண்ணை ஒட்டிக்கொண்டாள். கையில் கயிறு. மாட்டு வண்டி ஒன்று முன்னால் போயிருக்கவேண்டும், வண்டி மெதுவானது. உம்மா இரண்டு முறை இழுத்தாள். எதிரே ஒரு பஸ் ஊதிக்கொண்டு கடந்தது. ஒரு முறை இழுத்தாள். நாங்கள் மாட்டு வண்டியைத் தாண்டினோம். தவிட்டுத் தூசு மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்தது. உம்மா திரும்பாமலே துப்பட்டி முனையை என் மூக்கில் வைத்து அமுக்கினாள். அவள் முதுகு முழுக்க வேர்வை. அதில் தவிடு அப்பிக்கொண்டிருந்தது.

திரும்பி வருகிற வழியில் ஒரு பனைமரத்துக்கிட்ட இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னார். இறங்கி, வண்டிக்கு முன்னால் வலது ஓரமாகப் போய் நின்றார்.

"எறங்க வேணாம் பாய். எடது கண்ணைக் கையால பொத்திக்குங்க. நான் காட்டுறத சொல்லுங்க."

உம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கயிற்றை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணு."

இரண்டு முறை இழுத்தாள். "ரெண்டு" என்றார் வாப்பா. அடுத்து நாலு முறை. அவள் இழுக்க இழுக்க நான் உதட்டுக்குள் எண்ணினேன். "நாலு."

அடுத்தது அவள் இழுக்கவே இல்லை. நான் அவள் கையைப் பார்த்தேன். கை அசையவில்லை. கயிறு தளர்ந்து கிடந்தது. உம்மாவுக்குத் தெரியவில்லையா, யாராவது மறைக்கிறார்களா, கயிறு அறுந்துவிட்டதா என்று நினைத்து அவள் துப்பட்டியைப் பிடித்தேன். பனைமரத்து ஓலை மட்டும் சலசலத்தது.

"கைய மூடிட்டீங்க, சார்" என்றார் வாப்பா.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். மூடிய கையைத்தான் காட்டியிருக்கிறார். உம்மா இழுத்ததை மட்டுமல்ல, இழுக்காததையும் வாப்பா நம்பினார். நம் காலத்தில் எத்தனையோ ஜோடிகளைப் பார்த்துவிட்டோம். நானும் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். அந்த நம்பிக்கையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

லைசென்ஸ் கிடைத்தது. கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகு உம்மா முன் சீட்டில் உட்காரவில்லை. கயிறே போதும், யார் கண்ணிலும் படவேண்டாம், லாத்தாவுக்கும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று தொட்டியிலேயே போக ஆரம்பித்தாள். விடியுமுன்னே கொல்லையில் ஏறிக்கொள்வாள், பொழுது சாயும்போது கொல்லையில் இறங்குவாள். ஆனால் குரும்பகரத்து மில்லில் மூட்டை இறக்கும்போது அவளும் இறங்கித்தானே ஆகவேண்டும். ஒருநாள் மில்லுக்கு வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். மரைக்காயர் வீட்டுப் பொம்பளை, துப்பட்டியெல்லாம் தவிடு, மூட்டைக்கு நடுவிலிருந்து இறங்குகிறாள். முன் சீட்டில் உட்கார்ந்தபோது வெட்கம் கெட்டவள் என்றார்கள். ஒளிந்து போனபோது அதைவிட மோசமாக நினைத்தார்கள். ஒளிகிறவளுக்கு ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று.

லாத்தாவைக் கேட்டு வந்த இரண்டு இடம் அப்படியே நின்றுபோயின. ஒரு வீட்டார் பாதி வழியில் திரும்பிப்போனார்கள். லாத்தா உம்மாவின் துப்பட்டியைத் துவைத்துத் தவிடு போக உதறிக் காயப்போடுவாள். எதற்காக உம்மா போகிறாள் என்று அவளுக்கும் தெரியுமோ என்னவோ, நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை. ஒருநாள் துணி உதறிக்கொண்டே, "எனக்கு இனி யாரும் வரமாட்டாங்க" என்றாள். பதினேழு வயது. அழக்கூட இல்லை.

மூன்றாவதாக வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் அவர்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும். உம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. வண்டி கொல்லையில் நின்றது. வாப்பா வெளியே இருந்தார். லாத்தாவைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. வெற்றிலைத் தட்டை எடுத்து முன்னால் வைத்தேன். வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் உம்மா கையை நீட்டி, தட்டின் விளிம்பிலேயே நிறுத்தினார்.

"கேக்கணும்னு இல்ல. கேக்காம இருக்கவும் முடியல. நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. தவிட்டு மூட்டைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு எங்கம்மா போயிட்டு வர்றீங்க?"

உம்மா தரையைப் பார்த்தாள். ஊஞ்சலில் இருந்த மாமி, "அது எங்க தலையெழுத்து. அதெ ஏன் கேக்குறீங்க" என்றார். மாமி கெட்டவர் இல்லை. நிஜமாகவே அதைத் தலையெழுத்து என்று நினைத்தார், அழுகையும் வந்துவிட்டது. அந்த அழுகைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா வெற்றிலைத் தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். கதவுக்குப் பின்னால் லாத்தாவின் வளையல் சத்தம் கேட்டது.

உம்மா இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

"வாப்பாவுக்கு ஒரு கண்ணு தெரியாது" என்றேன் நான். "உம்மாதான் ரோட்டைப் பாத்து கயிறு இழுக்குறாங்க. ஒரு தடவ இழுத்தா போலாம். ரெண்டு தடவ இழுத்தா நிக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். கிழிசல், ஓட்டை, பனைமரம், மூடிய கை, ஒன்று விடாமல். உம்மா என்னைத் தடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும் கை மேலே வந்தது. காற்றில் இரண்டு முறை அசைந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. என்னை நிற்கச் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் உம்மா திரும்ப உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து என் உம்மாவின் கையைப் பிடித்து, கயிறு அறுத்த தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். மாமி ஊஞ்சலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்க மவள எங்களுக்குக் குடுங்க" என்று சொல்லி வெற்றிலையை எடுத்தார் மாப்பிள்ளையின் உம்மா. "இந்த வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருஷமாக உம்மாவைப் பற்றிப் பேசிய பொல்லாப்பு எங்கள் ஆட்களைத் தாண்டி வெளியே போனதில்லை. குடும்ப மானம் என்று தெருவே அதைப் பொத்தி வைத்தது. பாராட்டைப் பொத்தி வைக்க யாருக்குத் தோன்றும்? புருஷனுக்குக் கண்ணாக இருந்தவள் என்று மாப்பிள்ளையின் உம்மா போன இடத்திலெல்லாம் சொன்னார். மாமி இன்னும் அதிகம் சொன்னார், பிராயச்சித்தம் மாதிரி. கல்யாண வீட்டில், கடையில், கப்பல்காரர் வீட்டில். கேட்டவர்கள் கண் கலங்கி அடுத்தவர்களிடம் சொன்னார்கள். கேவலம் சொன்ன வாய்கள் எல்லாம் இப்போது புகழ்ந்தன, புகழ்ந்தே எங்களை முடித்துவிட்டன. அந்தப் பேச்சு சர்க்கார் கச்சேரிக்குப் போய்ச் சேர பத்து நாள்கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உம்மா கதவுத் திரைக்குப் பின்னால், நான் அவள் பக்கத்தில். வாப்பாவைத் தெருவெளிச்சத்தில் நிறுத்தி, தன் கையாலேயே அவர் இடது கண்ணைப் பொத்தினார். இன்னொரு கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.

"எத்தனை, பாய்?"

வாப்பா வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஐந்தில் ஒன்று சரியாகக்கூட இருந்திருக்கும்.

"தெரியலைங்க, சார்."

"அன்னைக்கு சரியா சொன்னீங்களே."

"அன்னைக்கு வூட்டுல சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் கையை எடுத்தார். கொஞ்ச நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ரெண்டு பேருமா நல்லாத்தான் ஓட்டுனீங்க" என்றார். "ரெண்டு பேருக்குச் சேத்து ஒரு லைசென்ஸ் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே, பாய்." வாப்பா உள்ளே போய், லைசென்ஸை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். சந்தனக்கிண்ணம் நீட்டுவதுபோல் நீட்டினார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நான் அழ ஆரம்பித்தேன். வாப்பா தன் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்து, "உண்மையத்தானே சொன்னே புள்ள" என்றார். அதைச் சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்த மீன் உள்ளே இறங்கவில்லை. நான் செய்தது துரோகம். நல்ல எண்ணத்தோடு செய்த துரோகம். நல்ல எண்ணம் என்பதால் அது கொஞ்சம்கூட இளைக்கவில்லை என்பதை இந்த வயதில் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

லாத்தாவின் நிக்காஹ் நடந்தது. நல்லபடியாக வாழ்ந்தாள். அவள் பேரப்பிள்ளைகள் ஃபோனில் பேசும்போதெல்லாம், இவர்கள் கோஷா வண்டிக்குப் பதிலாக வந்தவர்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும். உடனே என்னையே திட்டிக்கொள்வேன்.

வண்டியைக் குரும்பகரத்து மில் முதலாளி வாங்கிக்கொண்டார். வாப்பா ஒன்றே ஒன்று கேட்டார், வண்டியோடு தனக்கும் ஒரு வேலை வேண்டும் என்று. மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை கிடைத்தது. புத்தகத்தையும் வண்டியோடு கொடுத்துவிட்டார். "அது எந்த வம்சம்னு ஓட்டுறவனுக்குத் தெரியணும்ல" என்றார். பல வருஷம் கழித்துப் புதுச்சேரியில், அந்தக் கடைசிப் பக்கத்து இளையது ஒரு வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்பதைப் பார்த்தேன். வெளியே வந்துவிட்ட விளக்குகள் இரண்டும் உடைந்திருந்தன. வாப்பா அப்போது இல்லை.

வண்டி கைமாறிய முதல் நாள் காலையில் புது டிரைவர் வண்டியை எடுக்க வந்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையன், இருபது வயது இருக்கும், இரண்டு கண்ணும் நல்ல கண். பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கி இந்தப் பக்கம் வந்தான்.

"முன்னாடி உக்காருங்க, பாய்" என்றான் மரியாதையாக.

"இல்ல தம்பி. நான் பின்னால இருந்துக்குறேன்."

வாப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டியில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். வலது பக்கத்தில், தார்ப்பாய்க் கிழிசலுக்குப் பக்கத்தில். உம்மா உட்காரும் இடம் அது. அந்தக் கிழிசலுக்கு நேராக அவருடைய தெரியாத கண்தான் இருந்தது.

உம்மா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். எங்கள் தெரு போய்ப் பெரிய சாலையில் முட்டுகிற திருப்பம் உங்களுக்குத் தெரியும், பள்ளிவாசல் சுவர் மறைக்கிற இடம். வலப்பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்று கிட்டே போகிறவரை தெரியாது. உம்மா எப்போதும் அங்கே நிறுத்தித்தான் விடுவாளாம். வண்டி போக ஆரம்பித்தது. அவள் கை தானாகப் போய்த் திரைக் கயிற்றைப் பிடித்தது. வண்டி சுவரண்டை போனதும் இரண்டு முறை இழுத்தாள். ஜன்னல் திரை இரண்டு முறை குலுங்கியது.

வண்டி நிற்கவில்லை. அன்று அந்தத் திருப்பத்தில் எதுவும் வரவும் இல்லை. சத்தம் தேய்ந்து, தூசு அடங்கி, தெரு காலியான பிறகும் உம்மா கயிற்றை விடாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு முறை இழுத்தால்தான் போகலாம் என்று அர்த்தம். அந்த ஓர் இழுப்பை அவள் கடைசிவரை இழுக்கவில்லை.